மஸ்டாங் குதிரைகளைச் சவாரிக்குப் பழக்குதல்

மஸ்டாங் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் மனிதரின் பராமரிப்பின்றிக் கூட்டமாகத் திரியும் குதிரை ஆகும். இவ்வாறு திரிந்த குதிரையை மனிதரின் அருகாமைக்கும் தொடுதலுக்கும் பழக்கி, சேணமும் கடிவாளமும் ஏற்கச் செய்து, முதுகில் ஆளைச் சுமந்து செல்லும்படி ஆக்கும் நீண்ட பணியே மஸ்டாங் பயிற்சி எனப்படுகிறது. பண்ணையில் பிறக்கும் குட்டி, பிறந்த நாளிலிருந்தே மனிதரைப் பார்த்து வளர்கிறது. மூன்று, நான்கு வயது வரை திறந்த வெளியில் வளர்ந்த மஸ்டாங்கோ மனிதரைத் தொலைவில் தெரியும் ஓர் ஆபத்தாக மட்டுமே அறிந்திருக்கும். ஆகவே அதற்கான முதற்பாடம் சவாரி அன்று. அச்சம் நீங்குவதே முதற்பாடம்.

மஸ்டாங் எங்கிருந்து வந்தது, அது ஏன் பிடிக்கப்படுகிறது, அதன் மனம் எவ்வாறு இயங்குகிறது, எந்தெந்தப் படிகளில் அது சவாரிக்குதிரை ஆகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் தோற்றமும்

'உரிமையாளர் இல்லாமல் அலையும் கால்நடை' என்று பொருள்படும் பழைய எசுப்பானியச் சொல்லிலிருந்து மஸ்டாங் என்ற பெயர் பிறந்தது. பெயரே இக்குதிரையின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

குதிரை இனம் பரிணமித்தது வட அமெரிக்காவில்தான். ஆனால் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அது அற்றுப்போயிற்று. பின்னர் எசுப்பானியர்களே அதைக் கடல்வழி மீண்டும் கொண்டுவந்தனர். கொலம்பசின் இரண்டாம் பயணத்தில் (1493) கரீபியத் தீவுகளுக்கும், கோர்ட்டெஸின் படையெடுப்பில் (1519) மெக்சிகோவுக்கும் குதிரைகள் வந்தன. நியூ மெக்சிகோவில் 1680-இல் பியூப்லோ மக்கள் எசுப்பானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த பின்னர், குதிரைகள் பழங்குடி மக்களிடையே விரைவாகப் பரவின. தப்பியோடியவையும் கைவிடப்பட்டவையும் சமவெளிகளில் பெருகின. பிற்காலத்தில் குடியேறிகளின் பண்ணைக் குதிரைகளும் படைக்குதிரைகளும் இவற்றோடு கலந்தன. எனவே இன்றைய மஸ்டாங் ஒரே தூய இனம் அன்று; மந்தைக்கு மந்தை நிறமும் உருவமும் வேறுபடும். பெரும்பாலானவை 140 முதல் 152 சென்டிமீட்டர் உயரம் கொண்டவை.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். வீட்டு விலங்காக ஒருபோதும் ஆகாதது காட்டு விலங்கு. வீட்டு விலங்காக இருந்து மீண்டும் காடேறியது வேறு வகை. மஸ்டாங் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் முன்னோர் பல்லாயிரம் தலைமுறை மனிதரோடு வாழாவிட்டாலும், பல நூறு தலைமுறைகள் வாழ்ந்தவை. மனிதரோடு இணங்கி வாழும் இயல்பு அதன் பிறப்பிலேயே இருக்கிறது. அனுபவம் மட்டுமே இல்லை. வளர்ந்த மஸ்டாங்கையும் பழக்க முடிவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

சட்டமும் இன்றைய நெருக்கடியும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மஸ்டாங்குகள் பெருமளவில் வேட்டையாடப்பட்டன. விமானத்தாலும் லாரியாலும் துரத்திப் பிடிக்கப்பட்டு, வளர்ப்பு விலங்குகளின் உணவுக்காகக் கொல்லப்பட்டன. 1950-இல் நெவாடா மாநிலத்தைச் சேர்ந்த வெல்மா ஜான்ஸ்டன் என்ற அலுவலகச் செயலர், சாலையில் தமக்கு முன் சென்ற லாரியிலிருந்து இரத்தம் ஒழுகுவதைக் கண்டார். உள்ளே அடைக்கப்பட்டிருந்தவை கொலைக்களத்துக்குச் செல்லும் குதிரைகள். அன்று தொடங்கிய அவரது போராட்டத்தால், இயந்திர ஊர்திகளைக் கொண்டு காட்டுக்குதிரைகளை வேட்டையாடுவதையும், அவற்றைப் பிடிக்க நீர்நிலைகளில் நஞ்சிடுவதையும் தடுக்கும் சட்டம் 1959-இல் நிறைவேறியது. எதிராளிகள் ஏளனமாக வைத்த 'காட்டுக்குதிரை ஆனி' என்ற பெயரே அவருக்குப் புகழ்ப்பெயராக நிலைத்தது.

இப்போராட்டத்தில் பள்ளி மாணவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நாடெங்கிலும் இருந்து மாணவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதங்களை எழுதிக் குவித்தனர். 1971 டிசம்பரில், மஸ்டாங்குகளையும் காடேறிய கழுதைகளையும் பொதுநிலத்தில் பாதுகாக்கும் சட்டம் ஓர் எதிர்வாக்கும் இன்றி நிறைவேறியது.

பாதுகாப்புக் கிடைத்ததும் எண்ணிக்கை பெருகியது. தடையின்றி விட்டால் ஒரு மந்தை நான்கைந்து ஆண்டுகளில் இரட்டிப்பாகும் என்று நில மேலாண்மைப் பணியகம் கணக்கிடுகிறது. பத்து மேற்கு மாநிலங்களில் உள்ள இந்த நிலங்கள் பெரும்பாலும் வறண்டவை. ஏறத்தாழ 26,000 விலங்குகளையே அவை தாங்கும் என்பது பணியகத்தின் மதிப்பீடு. 2024-இல் அங்கிருந்தவை 73,000-க்கும் மேல். இந்த மதிப்பீட்டையே ஏற்காத குதிரை ஆர்வலர்களும் உண்டு. அதே நிலத்தில் மேய விடப்படும் மாடுகளை அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். எப்படியாயினும், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பிடிக்கப்படுகின்றன. அண்மை ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்ட விலங்குகள் அரசுப் பட்டிகளிலும் வாடகை மேய்ச்சல் நிலங்களிலும் இருந்துவந்துள்ளன.

பயிற்சியின் முக்கியத்துவம் இங்கேதான் விளங்கும். பட்டியில் நிற்கும் மஸ்டாங்குக்கு வெளியேறும் வழி, யாராவது தத்தெடுப்பதுதான். பத்து வயதைக் கடந்தவற்றையும், மூன்று முறை தத்தெடுப்புக்கு வைத்தும் யாரும் ஏற்காதவற்றையும் நேரடியாக விற்க 2004-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இடமளிக்கிறது. தத்தெடுத்தவரால் பழக்க முடியாமல் கைவிடப்படும் குதிரையின் நிலை இன்னும் மோசமானது. அது ஏலம் விட்டு ஏலம் மாறி, இறுதியில் இறைச்சி வணிகரிடம் சென்று சேரும் ஆபத்து உண்டு. நல்ல பயிற்சி என்பது ஒரு மஸ்டாங்கின் வாழ்நாளையே தீர்மானிக்கும் விஷயம்.

பிடித்தலும் தத்தெடுத்தலும்

மஸ்டாங்குகளைப் பிடிக்க இரண்டு முறைகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்று, ஹெலிகாப்டரால் மந்தையை ஓட்டிவந்து, புனல்போல் குறுகிச்செல்லும் வேலிக்குள் செலுத்துவது. பட்டியின் வாயிலில் பழக்கப்பட்ட குதிரை ஒன்றை அவிழ்த்துவிடுவார்கள். அது தனக்குத் தெரிந்த பட்டியை நோக்கி ஓட, மந்தை அதைப் பின்தொடர்ந்து உள்ளே வந்துவிடும். மற்றொன்று, நீர் அல்லது தீவனம் வைத்த பட்டிக்குத் தாமாக வரச்செய்து கதவை அடைப்பது. இது மெதுவானது, ஆனால் அச்சம் குறைந்தது.

பிடிபட்ட குதிரைக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. ஆண் குதிரைகள் பொதுவாகக் காயடிக்கப்படுகின்றன. கழுத்தின் இடப்புறத்தில் திரவ நைட்ரஜனில் குளிர்வித்த அச்சால் அடையாளம் இடப்படும். கடுங்குளிர் மயிரின் நிறமியை அழிப்பதால் அவ்விடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். கோணக் குறிகளாலான இந்த அடையாளத்தைப் படித்துக் குதிரையின் பிறந்த ஆண்டையும் பதிவெண்ணையும் அறியலாம்.

தத்தெடுக்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பழகாத குதிரை ஒன்றுக்குக் குறைந்தது 400 சதுர அடி இடமும், வளர்ந்த குதிரையாயின் 6 அடி உயர வேலியும், வெயில் மழைக்கு ஒதுங்கும் கூரையும் இருக்க வேண்டும். ஓராண்டு நல்ல முறையில் பராமரித்ததாகச் சான்று கிடைத்த பின்னரே சட்டப்படி உரிமை மாறும். அதுவரை குதிரை அரசின் உடைமையே.

அடக்குதலும் பழக்குதலும்

ஆங்கிலத்தில் குதிரையைப் பயிற்றுவதற்குப் பழங்காலத்தில் வழங்கிய சொல்லின் நேர்ப்பொருள் 'உடைத்தல்' என்பதாகும். கயிறு வீசிப் பிடித்து, கண்ணைக் கட்டி, சேணத்தை ஏற்றி, துள்ளி ஓய்ந்துபோகும்வரை முதுகில் அமர்ந்திருப்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கால்நடைப் பண்ணைகளின் வழக்கம். நூற்றுக்கணக்கான குதிரைகளைச் சில நாள்களில் வேலைக்கு ஆயத்தப்படுத்த வேண்டிய அவசரம் அதற்குக் காரணம். அதனால் காலொடிந்த குதிரைகளும் உண்டு, ஆள்களும் உண்டு.

மென்மையான முறைகளும் அக்காலத்திலேயே இருந்தன. பிடித்த குதிரையின் கண்ணைக் கையால் மூடித் தடவி, அதன் மூக்கில் தம் மூச்சை ஊதிப் பழக்கும் சமவெளிப் பழங்குடியினரின் முறையை, 1830-களில் அப்பகுதியில் பயணம் செய்த ஓவியர் ஜார்ஜ் கேட்லின் விவரித்துள்ளார். இருபதாம் நூற்றாண்டில் டாம் டோரன்ஸ், பில் டோரன்ஸ் சகோதரர்களும், அவர்களைப் பின்பற்றிய ரே ஹண்டும், குதிரையின் நோக்கிலிருந்து சிந்திக்கும் முறையை மேற்கு அமெரிக்காவில் பரப்பினர். மான்டி ராபர்ட்ஸ் வட்டப் பட்டியில் குதிரை தானாக மனிதரைப் பின்தொடரச் செய்யும் முறையை உலகெங்கும் செய்துகாட்டினார்.

அடக்குதலுக்கும் பழக்குதலுக்கும் வேறுபாடு யாது? அடக்கப்பட்ட குதிரை, எதிர்த்துப் பயனில்லை என்பதைக் கற்கிறது. பழக்கப்பட்ட குதிரை, எதிர்க்கத் தேவையில்லை என்பதைக் கற்கிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் அசையாமல் நிற்கும். ஆனால் முதலாவது, ஏதேனும் ஒருநாள் பழைய அச்சம் திரும்பும்போது வெடித்தெழும்.

குதிரையின் உலகம்

குதிரை பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம். ஐயம் தோன்றினால் முதலில் ஓடு, பிறகு பார் என்பதே அதன் வாழ்க்கை விதி. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், ஏறத்தாழ 350 பாகை வரை சுற்றிலும் பார்க்க முடியும். நெற்றிக்கும் மூக்குக்கும் நேர்முன்னேயும், வாலுக்கு நேர்ப்பின்னேயும் மட்டுமே சிறு மறைவிடங்கள் உண்டு. நேர்முன்னால் நடந்துவந்து முகத்தை நோக்கிக் கை நீட்டும் மனிதர், வேட்டைவிலங்கு பாயும் திசையில், குதிரைக்குச் சரியாகத் தெரியாத இடத்தில் கையை வைக்கிறார். அன்பின் அடையாளமாக நாம் செய்வதே அதற்கு மிரட்டலாகிறது.

ஒவ்வொரு குதிரையைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் உண்டு. அந்த வட்டத்துக்குள் மனிதர் வந்தால் அது விலகும். இதனை விலகெல்லை எனலாம். வீட்டுக்குதிரைக்கு இது ஏறக்குறைய இல்லை. புதிதாகப் பிடிபட்ட மஸ்டாங்குக்குப் பட்டியின் முழு அகலமும் போதாது. இந்த வட்டத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்குவதே பயிற்சியின் முதற்பகுதி.

அதற்கான கருவி 'அழுத்தமும் விடுப்பும்' ஆகும். அழுத்தம் என்றால் அடி அன்று. ஒரு பார்வை, ஓர் அடி முன்வைத்தல், கயிற்றின் சிறு இழுப்பு, காலின் மெல்லிய தொடுதல் ஆகியவை எல்லாம் அழுத்தமே. குதிரை சரியான திசையில் சிறிதளவு முயன்ற அக்கணமே அதை நீக்கிவிட வேண்டும். கல்வி உளவியல் படித்தவர்கள் இதை பி. எஃப். ஸ்கின்னர் விளக்கிய 'எதிர்மறை வலுவூட்டல்' என்று கண்டுகொள்வர். ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் பலர் இதைத் தண்டனையோடு குழப்பிக்கொள்வதுண்டு. தண்டனை ஒரு நடத்தையைக் குறைப்பதற்கானது; எதிர்மறை வலுவூட்டல், விரும்பத்தகாத ஒன்றை நீக்குவதன் மூலம் ஒரு நடத்தையை வளர்ப்பது. குதிரைக்குப் பாடம் சொல்வது அழுத்தம் அன்று. அது நீங்கும் கணமே. இரண்டு நொடி தாமதமாக விட்டால், குதிரை அந்த இரண்டாம் நொடியில் செய்ததையே விடை என்று எடுத்துக்கொள்ளும். கை தாழ்ந்த நேரத்தில் அது தலையை உதறியிருந்தால், தலையை உதறுவதே அது கற்ற பாடமாகிவிடும்.

குதிரையின் உடலே அதன் மனநிலையைக் காட்டும். தூக்கிய தலை, விறைத்த கழுத்து, விரிந்த மூக்கு, இடுக்கிய வால் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகள். தலை தாழ்தல், வாயை மெல்லுதல், நீண்ட பெருமூச்சு, ஒரு பின்காலைத் தளர்த்தி நிற்றல் ஆகியவை பதற்றம் இறங்குவதைக் காட்டும்.

பயிற்சியின் படிகள்

1. இடத்துக்குப் பழகுதல்

முதல் சில நாள்களுக்குக் குதிரையிடம் எதையும் கேட்கக்கூடாது. ஒரே வேளையில் உலர்புல்லும் நீரும் வைத்து விலகிவிட வேண்டும். வறண்ட நிலப் புல்லில் வளர்ந்த வயிறு திடீர்த் தானியத் தீவனத்தைத் தாங்காது. வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரலாம். மஸ்டாங்குகள் பலவற்றுக்கு ஆப்பிள், கேரட் ஆகியவை உணவு என்பதே தெரியாது, முகர்ந்துவிட்டு ஒதுங்கும். எனவே தொடக்கத்தில் தின்பண்டத்தால் ஆசை காட்டுவதும் பயன்படாது. பட்டியின் ஓரத்தில் அமைதியாக உட்கார்ந்து புத்தகம் படிப்பது போன்ற எளிய செயலே நல்ல தொடக்கம். மனிதர் அருகில் இருந்தும் ஒன்றும் நேரவில்லை என்று குதிரை அறிகிறது. அருகிலுள்ள பட்டியில் பழகிய குதிரை ஒன்று நிற்பது பெரிய துணை. தனிமை மந்தை விலங்குக்குத் தண்டனை.

2. நெருங்குதலும் விலகுதலும்

பயிற்றுநர் நேராகச் செல்லாமல், வளைந்த பாதையில், குதிரையின் தோளை நோக்கி நடப்பார். குதிரை ஓட நினைக்கும் எல்லைக்குச் சற்று முன்பே நின்று, அது தம்மை ஒருமுறை நோக்கியதும் பின்வாங்குவார். பார்த்தால் அழுத்தம் குறைகிறது என்பது குதிரைக்கு விளங்குகிறது. இதைப் பலமுறை செய்யும்போது ஓட்டம் நின்று ஆர்வம் தோன்றும். சில குதிரைகள் ஒரு மணி நேரத்தில் இந்நிலையை அடையும். சிலவற்றுக்கு இரண்டு வாரங்கள் ஆகும்.

3. முதல் தொடுதல்

முதலில் தொட வேண்டிய இடம் முகம் அன்று. கழுத்தும் முதுகும் சேரும் மேடு. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்து நட்புப் பாராட்டும் இடம் அதுதான். அங்கே சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத்துடிப்பு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கை எட்டும் தூரம் ஆபத்தானதாக இருந்தால், நீண்ட மூங்கில் கழியால் அவ்விடத்தைத் தடவுவது ஒரு பழைய முறை. கழியை ஏற்றதும் பிடியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒருநாள் கழியின் இடத்தில் கை இருக்கும். குதிரை மிரண்டு விலகும்போது தொடுதலை நிறுத்தாமல் கூடவே சென்று, நின்ற கணத்தில் எடுக்க வேண்டும். விலகும்போது எடுத்தால் விலகுவதே விடை ஆகிவிடும்.

ஒருபுறம் முடித்ததை மறுபுறமும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இடக்கண்ணால் பலமுறை பார்த்த பொருளை வலக்கண்ணால் பார்க்கும்போது, குதிரை அதைப் புதியதுபோல் கண்டு மிரள்வது வழக்கம்.

4. தலைக்கயிறும் நடத்திச்செல்லலும்

முகத்தில் தொடுதலை ஏற்ற பிறகு தலைக்கயிறு மாட்டப்படும். கயிற்றை இழுத்தால் எதிர்த்திசையில் இழுப்பது குதிரையின் இயல்பு. அதனால் நேராக முன்னோக்கி இழுக்காமல், பக்கவாட்டில் சிறிது இழுத்து, தலை அரை அங்குலம் திரும்பினாலும் கயிற்றைத் தளர்த்த வேண்டும். 'இழுப்புக்கு இணங்கினால் இழுப்பு மறையும்' என்ற இந்த ஒரு பாடத்தின் மேல்தான், கட்டிப்போடுதல், வண்டியில் ஏற்றுதல், கடிவாளம் ஆகிய அனைத்தும் நிற்கின்றன.

5. கால்களும் குளம்பும்

குதிரைக்கு உயிர் அதன் கால்களில் உள்ளது. காலைப் பிடிக்கவிடுவது தப்பியோடும் உரிமையைக் கொடுத்துவிடுவதற்குச் சமம். ஆகவே இப்படியில் அவசரம் கூடாது. தோளிலிருந்து தடவிக் கீழே வந்து, மென்மையான கயிற்றால் காலைத் தொட்டு, பிறகு கையால் தொட்டு, ஒரு நொடி தூக்கி, குதிரை இழுக்கும் முன் தாமாகவே கீழே விட வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுச் சவாரிக்குச் செல்பவர்கள், குளம்பு சீவ ஆள் வரும் நாளில் சிக்கலைச் சந்திப்பார்கள்.

6. புதிய பொருள்களுக்குப் பழகுதல்

நெகிழிப்பை, தார்ப்பாய், கயிறு, மழைச்சட்டை ஆகியவற்றைத் தொலைவிலிருந்து காட்டித் தொடங்குவர். குதிரை அமைதியுற்றதும் பொருள் விலகும். அடுத்தமுறை சற்று நெருங்கும். இதற்கு மாறாக, தப்ப முடியாதபடி கட்டிவைத்துப் பொருளை உடல்முழுதும் அடித்துப் பழக்குவோரும் உண்டு. விரைவில் குதிரை அசையாமல் நிற்கும். ஆனால் அசையாமை எல்லாம் அமைதி ஆகாது. தப்ப வழியே இல்லை என்று உணர்ந்த உயிர் முயற்சியைக் கைவிடுவதை உளவியல் 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்கிறது. ஒளியிழந்து வெறித்த கண்ணும் விறைத்த உடலும் அதன் அடையாளங்கள். கயிற்றைத் தளரவிட்டு, விலகிப்போக வழியிருந்தும் விலகாமல் நிற்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

7. தரைப்பயிற்சி

50 முதல் 60 அடி விட்டமுள்ள வட்டப் பட்டியில் குதிரையை நடத்தி, துள்ளுநடையில் விட்டு, நிறுத்தி, திசை திருப்பிப் பழக்குவர். பின்னங்கால்களை ஒதுக்குதல், முன்பகுதியைத் திருப்புதல், பின்னோக்கி நடத்தல் ஆகியவற்றையும் கற்பிப்பர். பின்னங்கால்களே குதிரையின் உந்துவிசை. அவற்றைப் பக்கவாட்டில் ஒதுக்கக் கற்ற குதிரையால் அந்த வேளையில் பாயவோ துள்ளவோ எளிதில் இயலாது. முதுகில் ஏறிய பின் ஆபத்து நேர்ந்தால், ஒருபக்கக் கடிவாள வாரை மட்டும் இழுத்து நிறுத்தும் முறைக்கு இதுவே அடித்தளம்.

8. சேணம்

முதலில் சேணத்துக்கு அடியில் இடும் கம்பளம், பிறகு வயிற்றைச் சுற்றி ஒரு கயிறு, அதன்பின் சேணம் என்பது வரிசை. முதுகின்மேல் ஏறும் பாரமும் வயிற்றைப் பற்றும் இறுக்கமும் வேட்டைவிலங்கின் பிடியை நினைவூட்டக்கூடியவை. வயிற்றுவாரைச் சேணம் நழுவாத அளவுக்கு இறுக்கி, பிறகு நடத்தி, மீண்டும் சற்று இறுக்குவர். அரைகுறையாகக் கட்டிய சேணம் துள்ளலில் வயிற்றின்கீழ் சுழன்றால், பல மாதப் பயிற்சி ஒரே நிமிடத்தில் வீணாகும். சேணத்துடன் துள்ளினால் தண்டிக்காமல், தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

9. முதல் சவாரி

குதிரை பார்த்திராத கோணம் ஒன்று உண்டு: மனிதர் தனக்கு மேலே இருப்பது. அதனால் பயிற்றுநர் வேலியின் மீதோ மேடையின் மீதோ நின்று முதலில் உயரத்துக்குப் பழக்குவார். பின்பு முதுகின்மேல் சாய்தல், அங்கவடியில் ஒரு காலை வைத்து எழுந்து இறங்குதல், அதன்பின் அமர்தல் என்று செல்வார். முதன்முறை சில நொடிகள் அமர்ந்து இறங்கிவிடுவதே நல்லது. குதிரை சலிப்போ அச்சமோ அடையும் முன் பாடம் முடிய வேண்டும். இருபுறமும் குதிரை நன்கு கற்றிருந்தால், முதல் சவாரி பார்ப்பவர்க்குச் சுவையற்ற காட்சியாகவே இருக்கும். பயிற்றுநர் விரும்புவதும் அதையே.

வட்டப் பட்டியில் நடை, துள்ளுநடை, திருப்பம், நிறுத்தம் ஆகியவை உறுதியான பின், அனுபவமுள்ள குதிரை ஒன்றின் துணையோடு வெளியே செல்வர். தலைக்கவசம் கட்டாயம், பழகாத குதிரையோடு தனியாக எவரும் பணிபுரியக்கூடாது.

கால அளவு

தொடுதலையும் தலைக்கயிற்றையும் ஏற்கச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். தொடக்கநிலைச் சவாரிக்கு மூன்று, நான்கு மாதங்கள் பொதுவான அளவு. புதிய இடம், புதிய ஆள், போக்குவரத்து எதற்கும் கலங்காத நம்பிக்கைக்குரிய குதிரையாக ஓரிரு ஆண்டுகள் வேண்டும். வயதும் கணக்கில் கொள்ள வேண்டியது. குதிரையின் முதுகெலும்பு முழுவளர்ச்சி அடைய ஐந்தாறு ஆண்டுகள் ஆவதால், மூன்று வயதுக்குமுன் ஆளைச் சுமக்கவிடுவதைப் பலர் தவிர்க்கின்றனர்.

வழக்கமாக நேரும் தவறுகள்

• அச்சம் நீங்கும் முன்பே பெரிய மேய்ச்சல் நிலத்தில் அவிழ்த்துவிடுதல். மீண்டும் பிடிப்பது மிகக் கடினம்.
• ஒரே நாளில் நீண்ட நேரம் பயிற்றுதல். இருபது நிமிடப் பாடங்கள் இரண்டு, இரண்டு மணி நேரப் பாடம் ஒன்றைவிடப் பயனுள்ளவை.
• குதிரை முயன்றதைக் கவனிக்காமல் அழுத்தத்தைத் தொடர்தல். விடைக்குப் பரிசில்லை என்றால் அது விடை தேடுவதை நிறுத்திவிடும்.
• தனக்கு அனுபவம் இல்லாதபோது அனுபவமற்ற குதிரையைத் தத்தெடுத்தல். இத்தகையோர் ஏற்கெனவே பழக்கப்பட்ட மஸ்டாங்கைப் பெறுவதே இருவருக்கும் நல்லது.

சிறைச்சாலைகளில் மஸ்டாங்குகள்

பழக்கப்பட்ட மஸ்டாங்குக்கு எளிதில் இடம் கிடைக்கும் என்பதால், பழக்கும் பணியைச் சிறைகளோடு இணைக்கும் திட்டம் 1986-இல் கொலராடோ மாநிலத்தில் தொடங்கியது. வயோமிங், நெவாடா முதலிய மாநிலங்களும் பின்பற்றின. நெவாடாவின் கார்சன் நகரில் கைதிகள் ஏறத்தாழ நான்கு மாதம் பயிற்றிய குதிரைகள் பொது ஏலத்தில் விடப்படுகின்றன. இவ்வாறு பயிற்சி பெற்ற குதிரைகளை எல்லைக் காவல் படையும் பயன்படுத்திவருகிறது. கைதிகளிற் பலர் அதற்குமுன் குதிரையைத் தொட்டதுகூட இல்லை. சினமும் அவசரமும் குதிரையிடம் செல்லாது என்பதை அவர்கள் நாள்தோறும் கண்கூடாகக் கற்கின்றனர். 2019-இல் வெளிவந்த 'தி மஸ்டாங்' திரைப்படம் இத்திட்டத்தைப் பின்னணியாகக் கொண்டது.

2007-இல் தொடங்கிய மஸ்டாங் பயிற்சிப் போட்டிகளும் தத்தெடுப்பைப் பெருக்கின. ஏறத்தாழ நூறு நாள்களில் காட்டுக்குதிரை ஒன்றைப் பழக்கி மேடையில் காட்ட வேண்டும் என்பது விதி. மஸ்டாங்கின் திறமையை மக்கள் அறிய இவை உதவின. எனினும் ஒவ்வொரு குதிரையும் ஒரே கால அட்டவணையில் கற்காது என்பதால், காலக்கெடு குறித்த விமர்சனமும் உண்டு.

பழகிய மஸ்டாங்கின் திறன்

கரடுமுரடான நிலத்தில் வளர்ந்ததால் மஸ்டாங்குகளுக்கு உறுதியான குளம்பும், அடி பிசகாத நடையும், குறைந்த தீவனத்தில் வாழும் ஆற்றலும் பொதுவாக அமைந்திருக்கின்றன. 2013-இல் நான்கு இளைஞர்கள் தத்தெடுத்த மஸ்டாங்குகளில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை, ஐந்து மாநிலங்களின் வழியாக ஏறத்தாழ 3,000 மைல் பயணம் செய்தனர். 'அன்பிராண்டட்' (2015) என்ற ஆவணப்படம் அப்பயணத்தைப் பதிவுசெய்துள்ளது. கலிபோர்னியாவின் பார்ஸ்டோ தளத்திலுள்ள கடற்படைக் காலாட்படையின் குதிரைக் கொடி அணிவகுப்பிலும் மஸ்டாங்குகள் இடம்பெற்றன.

பயிற்சி ஒன்றே மஸ்டாங்குகளின் பிரச்சினையைத் தீர்த்துவிடாது. பட்டிகளில் உள்ளவற்றின் எண்ணிக்கை, தத்தெடுப்போரின் எண்ணிக்கையைவிட மிக அதிகம். அதனால் பெண் குதிரைகளுக்குக் கருத்தடை மருந்து செலுத்தி, மந்தைகளை அவற்றின் நிலத்திலேயே கட்டுக்குள் வைக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. ஆனால் ஏற்கெனவே பிடிபட்டு வேலிக்குள் நிற்கும் குதிரைக்கு, பொறுமையாகப் பழக்கத் தெரிந்த ஒருவர் கிடைப்பதே எதிர்காலம்.